விதை காத்த வவிலோவ்

மைசூர்ப் பருப்பும் பயற்றங்காயும் எமது அடுப்பில் ஏறாத வாரம் அரிது. இத்தகைய பயிர்கள் காட்டிலிருந்து மனிதர் கைக்கு வந்த வழியை ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் ஒருவரின் வாழ்வை இங்கு சுருக்கமாகத் தருகின்றோம்.

நிக்கொலாய் வவிலோவ் 1887ஆம் ஆண்டு மொஸ்கோவில் வணிகர் குடும்பமொன்றிற் பிறந்தார். விவசாயம் கற்று, 1917இல் சரத்தோவ் நகரிற் பேராசிரியரானார். 1920 யூன் மாதம் அந்நகரில் நடைபெற்ற மாநாட்டிலேயே தமது புகழ்பெற்ற விதியை வெளியிட்டார்.

காட்டுப் பயறுகளின் நெற்று முற்றியதும் வெடித்து விதையைச் சிதறிவிடும். வெடிக்காத நெற்றுக்களே உழவரின் கைக்கு எட்டின. அவற்றையே மீண்டும் மீண்டும் விதைத்ததால் அக்குணம் நிலைத்தது. பட்டாணி, மைசூர்ப் பருப்பு போன்ற உறவுப் பயிர்களில் ஒரே விதமான மாற்றங்கள் வரிசையாகத் தோன்றுவதை வவிலோவ் கண்டார். ஒரு பயிரிற் கண்ட குணத்தை அதன் இனத்துப் பயிர்களிலும் எதிர்பார்க்கலாம் என்பதே அவரது விதி.

இதற்கு எமக்கு நெருக்கமான சான்றொன்று உண்டு. ஜப்பானியரின் சிவப்பு அசுக்கிப் பயற்றிலும் எமது பயற்றங்காயிலும் நெற்று வெடிக்காதிருப்பதற்கு, வெவ்வேறாகப் பழுதடைந்த ஒரே மரபணுவே காரணமென 2020இல் ஆய்வாளர்கள் இனங்கண்டனர்.

பஞ்சத்தை ஒழிக்க வேண்டுமென்ற வேட்கையுடன் வவிலோவ் ஆப்கானிஸ்தான், எதியோப்பியா, தென் அமெரிக்கா எனப் பல நாடுகள் சென்று விதை சேகரித்தார். அவரது லெனின்கிராட் நிறுவனத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. ஆனால் மரபியலையே மறுத்த லைசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு கிடைத்தது. 1940 ஆகஸ்ட்டில் வவிலோவ் கைது செய்யப்பட்டார். முதலில் விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் 20 ஆண்டுச் சிறையாக மாற்றப்பட்டது. உலகின் பசி தீர்க்க உழைத்த அவர், 1943 ஜனவரி 26இல் பட்டினியால் நலிந்து, தமது 55ஆவது வயதில், அதே சரத்தோவ் நகரின் சிறையில் மறைந்தார். அவர் குற்றமற்றவரென 1955இல் அறிவிக்கப்பட்டது.

அவர் சிறையிலிருந்த காலத்தில், 1941 செப்டெம்பரில் லெனின்கிராட் முற்றுகையிடப்பட்டது. விதைகளைக் காத்த ஊழியர்கள் பசியால் ஒவ்வொருவராக இறந்தனர். கச்சான் விதைகளுக்குப் பொறுப்பாயிருந்தவரும், நெல் விதைகளுக்குப் பொறுப்பாயிருந்தவரும் அவர்களுள் அடங்குவர். சேகரிப்பை உணவாக்க அவர்கள் உடன்படவில்லை.

எத்தனை பசி வந்தாலும் விதைநெல்லைக் குற்றாத குடியிற் பிறந்தவர்கள் நாம். தலைவர் சிறையிலிருந்தும், அவர் ஒப்படைத்ததைக் காத்த அவர்களின் அருமை எமக்கு விளங்கும்.