எழுதக் கை பழகாமலே நாடகம் சொன்னவர்!

நாவல் போட்டி அறிவிப்பு வந்தால் போதும், நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பெண்களுக்கும் உற்சாகம் பிறந்துவிடும். ஒரே மாசத்துல எழுதி முடிச்சிடலாம்னு கோடு போட்ட நோட்டு வாங்குவோம். முதல் அத்தியாயம் மடமடன்னு ஓடும். இரண்டாவது கொஞ்சம் நொண்டும். மூன்றாவதுக்குள் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், பிள்ளைக்குப் பரீட்சை வரும். போதாக்குறைக்கு, கதாநாயகி அடுத்து என்ன செய்வாள் என்று நமக்கே தெரியாது. அப்புறம் என்ன, நோட்டு பரணுக்குப் போய்விடும்!

இப்படிப் பாதியில் நின்றுபோன சகோதரிகளுக்காக ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். பெயர் சட்டென்று நினைவுக்கு வராவிட்டாலும், பத்மினி நடித்து 1966-இல் வந்த 'சித்தி' படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் படத்துக்கு மூலக்கதை இவருடைய 'தயாநிதி' நாவல்தான். மொத்தம் 115 நாவல்கள் எழுதியவர். அடேயப்பா, நூற்றுப் பதினைந்து!

1901 டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்தார். குழந்தையிலேயே தாயை இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1907-இல், ஆறு வயதுகூட நிரம்பாத நிலையில் கல்யாணம்! மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. புகுந்த வீடு தமிழ்ப் புலமைக்குப் பேர்போன வைணவக் குடும்பம். பெயருக்கு முன்னால் உள்ள வை.மு. என்பது அந்தக் குடும்பப் பெயரான வைத்தமாநிதி முடும்பை என்பதன் சுருக்கம். திருவல்லிக்கேணியில் பெரிய கூட்டுக் குடும்பம்.

பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் கதை சொல்வதில் கெட்டிக்காரர். வீட்டுக் குழந்தைகளை உட்கார வைத்துப் புதுசு புதுசாகச் சொல்வாராம். கணவர் நாடகங்களுக்கும் அழைத்துப் போவார். அதையெல்லாம் பார்த்துத் தாமும் ஒரு நாடகம் எழுத வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்ததே தவிர, சரளமாக எழுதக் கை பழகவில்லை. நாமாக இருந்தால், முதல்ல எழுதக் கத்துக்கிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டிருப்போம். இவர் தள்ளிப் போடவில்லை. பட்டம்மாள் என்ற தோழியை உட்கார வைத்து, தாம் சொல்லச் சொல்ல அவரை எழுத வைத்தார். 'இந்திரமோகனா' என்ற அந்த நாடகம் 1924-இல் அச்சாகி வந்தது.

சகோதரிகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்தத் தோழி எழுதிக் கொடுத்ததோடு, எதிரே உட்கார்ந்து அடுத்து என்ன என்று கேட்கும் ஆளாகவும் இருந்திருப்பார் அல்லவா? கேட்க ஒருத்தர் இருந்தால் கதை நிற்காது. சமையலறையில் நாம் ஊர்க்கதை பேசும்போது பார்த்திருப்பீர்களே, ஒருத்தி ம் கொட்டினால் போதும், பேச்சு அரைமணி நேரம் ஓடும்!

அடுத்த வருஷமே இன்னும் துணிச்சலான காரியம் செய்தார். 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகை நின்றுபோயிருந்தது. பிரபல நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துணையோடு 1925-இல் அதை வாங்கித் தாமே நடத்தத் தொடங்கினார். முதல் நாவலான 'வைதேகி' அதில் தொடர்கதையாக வந்தது. கணவர் பக்கபலமாக நின்றார். வெளியே மட்டும் ஏச்சும் பேச்சும் குறைவில்லை. குடும்பப் பெண்ணுக்குக் கதையும் பத்திரிகையும் எதற்கு என்று கேட்ட காலம் அது.

தொடர்கதையின் சூட்சுமம் இருக்கிறதே, அதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. போன மாதம் அச்சாகிப் போனதைத் திரும்பப் பிடித்து அழிக்க முடியாது. முதல் அத்தியாயம் நன்றாக இல்லையோ என்று ஒன்பது தடவை திருத்திக்கொண்டு உட்கார வழியில்லை. வாசகிகள் காத்திருக்கிறார்கள், அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். முன்னால்தான் போயாக வேண்டும். மூட் வரட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1925 முதல் 1960 வரை கணக்குப் போட்டால், 35 வருஷத்தில் 115 நாவல். அதாவது, நாலு மாதத்துக்குள் ஒன்று!

அதற்காக எழுத்தே கதி என்று மூலையில் உட்கார்ந்தவரும் இல்லை. நன்றாகப் பாடுவார், மேடையில் பேசுவார். அக்கம்பக்கத்தில் பிரசவம் என்றால் ஓடிப்போய் உதவுவார். காந்தியடிகளைச் சந்தித்த பிறகு பட்டும் நகையும் விட்டுக் கதருக்கு மாறினார். 1930-களின் தொடக்கத்தில் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறைக்கும் போனார். அங்கேயும் நாவல் எழுதினார். நேரமே இல்லைங்க என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

அவசரமாகச் சொல்லி எழுத வைத்தவர் வெளிநாட்டிலும் உண்டு. ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1866-இல் ஒரு பதிப்பாளரிடம் வசமாக மாட்டிக்கொண்டார். நவம்பர் 1-க்குள் புது நாவல் தராவிட்டால், ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுத்தையெல்லாம் காசு தராமலே போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். சுருக்கெழுத்து தெரிந்த அன்னா என்ற இளம்பெண்ணை வைத்து 26 நாளில் 'சூதாடி' நாவலைச் சொல்லி முடித்தார். மறு வருஷம் அந்த அன்னாவையே கல்யாணமும் செய்துகொண்டார்! அந்த மாமேதைக்கும் எதிரே ஒரு ஆளும், தலைக்கு மேல் ஒரு கெடுவும் தேவைப்பட்டன.

கோதைநாயகி அம்மாளின் கதைகளைக் குறை சொன்னவர்களும் இருக்கிறார்கள். வெறும் பொழுதுபோக்கு, நீதிபோதனை அதிகம் என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். வேகமாக எழுதினால் கொஞ்சம் பிசிறு தட்டத்தான் செய்யும், அதை மறுக்க வேண்டாம். ஆனால், எழுதி முடித்த கதையில்தான் பிசிறைத் தேடவாவது முடியும். பரண்மேல் நோட்டில் என்னத்தைத் தேடுவது? நம் பாட்டிமார் பலர் எழுத்துக்கூட்டிப் படித்ததே இப்படிப்பட்ட கதைகளுக்காகத்தான்.

1956-இல் அவருடைய ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். அந்தத் துக்கத்திலிருந்து அம்மாள் மீளவே இல்லை. காசநோயும் சேர்ந்துகொள்ள, 1960 பிப்ரவரி 20-ஆம் தேதி தாம்பரம் ஆஸ்பத்திரியில் காலமானார். உழைப்பும் மன உறுதியும் எல்லாத் துக்கத்துக்கும் மருந்து ஆகிவிடாது என்பதையும் அந்த வாழ்க்கை சொல்கிறது. அதனால்தான், தெம்பு இருக்கும் நாளில் எழுதிவிட வேண்டும் என்கிறேன்.

என் அக்கா மகள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் வேலைக்கு வந்து போகிறாள். ஒரு போட்டிக்காக நாவல் தொடங்கி, நாலாவது அத்தியாயத்தில் நிறுத்திவிட்டாள். வீட்டில் எல்லோரும் கேலி பண்றாங்க சித்தி, எல்லாத்தையும் அழிச்சிடப் போறேன் என்றாள். அவளுக்கு இந்த அம்மாளின் கதையைத்தான் சொன்னேன். இப்போது கைபேசியில் பேசினாலே தமிழ் எழுத்தாக வந்துவிடுகிறதே, அதுதான் நமக்குப் பட்டம்மாள்! மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஸ்டேஷன்கள் தாண்டுவதற்குள், பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் ஒன்றிரண்டு பக்கம் சொல்லிவிடுகிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்து அத்தியாயத்தை எனக்கு அனுப்பியாக வேண்டும். நான் குறை சொல்வதில்லை. அடுத்து என்ன ஆச்சு என்று மட்டும் கேட்கிறேன். போட்டித் தேதி தாண்டிவிட்டது, பரிசுக்கு வழியில்லை. ஆனாலும் பதினோராவது அத்தியாயம் வந்துவிட்டது. கேலி செய்த வீட்டுக்காரரே, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா என்று கேட்கிறாராம்!

பாதியில் நிறுத்தியிருக்கும் தோழிகளே, பரணிலிருந்து நோட்டை இறக்குங்கள். முதல் பக்கத்தைத் திருத்தப் போகாதீர்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தங்கையோ, நாத்தனாரோ, எதிர்வீட்டு அக்காவோ, கேட்பதற்கு ஒருத்தரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு கெடு வையுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

- ஒரு வாசகி, விழுப்புரம்.