ஜீவா: இயக்கப் பத்திரிகைக்குள் மாற்றுக் கருத்து சொன்னால் என்ன ஆகும்?

கரமனை பாலத்தைத் தாண்டித் தெற்கே போகும் சாலையில் சுமார் 65 கி.மீ. போனால் நாகர்கோவில். அதன் பக்கத்தில்தான் பூதப்பாண்டி. திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் உங்களில் சிலருக்கு இது வார இறுதியில் ஊருக்குப் போகும் ரூட்.

அந்தப் பூதப்பாண்டியில், அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், 1907ல் பிறந்தவர் ப. ஜீவானந்தம். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொள்கைப் பத்திரிகைகளோடு அவருக்கு இருந்த உறவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

'குடிஅரசு' வட்டாரத்தில் என்ன நடந்தது?

ஜீவா முதலில் பெரியாரின் ஆள். 1932 இறுதியில் பெரியாரும் சிங்காரவேலரும் ஈரோட்டில் சமதர்மத் திட்டத்தை முன்வைத்தபோது, ஜீவா அதில் முழுசாக இறங்கினார். அடுத்த ஆண்டே சிக்கல் வந்தது. ஆங்கிலேய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று 'குடிஅரசு' எழுதிய தலையங்கத்துக்காகப் பெரியாரும் அவர் தங்கை கண்ணம்மாளும் கைது செய்யப்பட்டனர். 1934ல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது.

இந்த நெருக்கடியில்தான் பகத்சிங் எழுதிய நாத்திகக் கட்டுரையை ஜீவா தமிழில் மொழிபெயர்த்தார். இயக்கமே அதைப் புத்தகமாக வெளியிட்டது. ஜீவாவும், வெளியிட்ட பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதானார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளியே வருமாறு பெரியார் சொன்னார். ஜீவாவும் கொடுத்தார். ஆனால் அந்த வலி அவரை விட்டுப் போகவே இல்லை.

யார் பக்கம் நியாயம்?

பெரியாரின் கணக்கு எளிது: பத்திரிகையும் இயக்கமும் முடங்கிவிட்டால் சாதி எதிர்ப்பு வேலையை யார் செய்வது? 1935ல் சமதர்மப் பிரசாரத்தை அவர் தளர்த்தினார். ஜீவாவின் கேள்வியும் லேசானதல்ல: அரசுக்குப் பயந்து கொள்கையைச் சுருக்கினால், எதைக் காப்பாற்ற இந்த இயக்கம்? 1936ல் அவர் தனி வழி போனார்.

ஆசிரியர் நாற்காலியில்

1937ல் 'ஜனசக்தி' தொடங்கியது, ஆசிரியர் ஜீவா. அது கட்சியின் குரல். கட்சி எடுக்கும் நிலைதான் பத்திரிகையின் நிலை. இந்த முறை கட்டுப்பாட்டைக் காக்கும் இடத்தில் அவரே இருந்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் பிடி கொடுக்கவில்லை: கம்பன். திராவிட இயக்கம் கம்பராமாயணத்தைக் கொளுத்தச் சொன்ன காலம் அது. கம்யூனிஸ்ட் மேடைக்காரர் கம்பனைக் கொண்டாடுவதா என்று சொந்தத் தோழர்களிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். ஜீவா நிறுத்தவே இல்லை. 1959ல் இலக்கியத்துக்கென்றே 'தாமரை' இதழைத் தொடங்கினார்.

கடைசியில்

1963 ஜனவரி 18ல் ஜீவா இறந்தார். 'தாமரை' வெளியிட்ட சிறப்பிதழில் அவரைப் பற்றி நெகிழ்ந்து எழுதியவர்களில் ஒருவர் நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி. 1956 ஹங்கேரி சம்பவங்களுக்குப் பிறகு கட்சியை விட்டு மனதளவில் விலகிப் போனவர் அவர். அவர் எழுத்துக்கும் அந்த இதழில் இடம் இருந்தது.

நீங்கள் படிக்கும் ஒரு கொள்கைப் பத்திரிகையை எடைபோட இது ஒரு நல்ல சோதனை. எதிரியை அது எவ்வளவு காட்டமாகத் திட்டுகிறது என்று பார்க்காதீர்கள். கருத்து மாறி விலகிப் போன சொந்த ஆளுக்கு அதில் இரண்டு பக்கமாவது கிடைக்குமா என்று பாருங்கள்.