கையில் விளக்கு இருந்தும் காரணம் தெரியவில்லை... நைட்டிங்கேலுக்குக் கணக்கு சொன்ன பாடம்!

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்னு சொன்னதுமே நமக்கு ஒரு படம்தான் ஞாபகம் வரும். நள்ளிரவு, நீளமான வார்டு, கையில் விளக்கோடு காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டே போகும் ஒரு பெண். ஆனா, அந்த விளக்கு எரிந்த மருத்துவமனையிலேயே ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் செத்துப்போனார்கள் என்பது பலருக்கும் தெரியாது.

யார் இவர்?

1820 மே 12-ம் தேதி இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தவர். அந்த ஊரின் பெயரையே பெற்றோர் வைத்துவிட்டார்கள். வசதியான ஆங்கிலேயக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே கணக்கு மீது ஆர்வம். நர்ஸ் வேலைக்கு மரியாதை இல்லாத காலம் என்பதால், வீட்டில் கடும் எதிர்ப்பு. அதையும் மீறித்தான் நர்ஸ் ஆனார்.

ஸ்குடாரியில் என்ன நடந்தது?

கிரிமியப் போரில் காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக, 1854 நவம்பரில் 38 நர்ஸ்களோடு துருக்கியின் ஸ்குடாரிக்குப் போனார். துணி, சாப்பாடு, சுத்தம் என எல்லாவற்றுக்கும் ராத்திரி பகலாக உழைத்தார்கள். இருந்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்த 100 பேரில் சுமார் 42 பேர் இறந்தார்கள். குண்டடியைவிட காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் கொன்றவர்களே பல மடங்கு அதிகம்.

சத்தான சாப்பாடு இல்லாததும், சிப்பாய்கள் ரொம்ப முற்றிய நிலையில் வந்து சேர்வதும்தான் காரணம் என்று நைட்டிங்கேல் நினைத்தார். மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதார ஆணையம் வந்தது. கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றோட்டத்துக்கும் வழி செய்தது. ஜூன் மாதத்தில் இறப்பு 100-க்கு 2 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது!

கணக்கு என்ன சொன்னது?

1856-ல் நாடு திரும்பியபோது அவர் தேசத்தின் செல்லப்பிள்ளை. பாராட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவரோ, புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து இறப்புக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். மற்ற ராணுவ மருத்துவமனைகளோடு ஒப்பிட்டால், மோசமான நிலையில் இருந்தது தான் வேலை பார்த்த ஸ்குடாரிதான். கூட்ட நெரிசலும் சாக்கடையும்தான் பெரிய காரணம் என்பது புரிந்தது. அந்த வருத்தம் கடைசிவரை போகவில்லை. ஆனாலும் அவர் அதை மூடி மறைக்கவில்லை; தன் அறிக்கையிலேயே எழுதினார்.

ராணுவம் எப்படி மாறியது?

அதிகாரிகளுக்கு அட்டவணையைப் படிக்கப் பொறுமை இருக்காது. அதனால் 1858-ல் வண்ண வட்ட வரைபடம் போட்டார். தடுத்திருக்கக்கூடிய நோய்ச் சாவுக்கு நீலம், காயத்தால் வந்த சாவுக்குச் சிவப்பு. பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனார்.

ராணுவக் குடியிருப்புகள் சீரமைக்கப்பட்டன. ராணுவ மருத்துவப் பள்ளி வந்தது. இறப்பைத் தொடர்ந்து கணக்கெடுக்க ஏற்பாடு நடந்தது. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கு எழுத வேண்டும் என்றும் கேட்டார். அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. ஆனா, அவர் விடவில்லை.

இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இருந்தாலும், இங்கிருந்த பிரிட்டிஷ் முகாம்களிலிருந்து விவரங்களை வரவழைத்து, தண்ணீர், வடிகால் வசதிக்காகப் போராடினார். அங்கே ஆண்டுக்கு 1,000-க்கு 69 ஆக இருந்த சிப்பாய்கள் இறப்பு, 18 ஆகக் குறைந்துவிட்டதாக 1873-ல் அவரே எழுதினார்.

1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் நைட்டிங்கேல் மறைந்தார். எண்ணு, ஒப்பிடு, சரிசெய், மறுபடியும் எண்ணு... இதுதான் அவருடைய வழி. அந்த எண்ணிக்கையை அவர் முதலில் தன் சொந்த வார்டிலிருந்துதான் தொடங்கினார்.