ஆனந்த குமாரசுவாமியும் எங்கள் கரைக் கருமணலும்

ஆனந்த குமாரசுவாமி என்றதும் நம்மவர்களுக்கு நடராசர் சிலைதான் நினைவுக்கு வரும். கல்முனையில் படித்த எனக்கும் அவர் கலை அறிஞராகவே அறிமுகமானார். அவர் கல்லும் மண்ணும் படித்த விஞ்ஞானி என்பதை அறிந்தது பிறகுதான். திருக்கோவிலில் இல்மனைற் அகழ்வுக்கு எதிராக மக்கள் தெருவுக்கு இறங்கிய காலத்தில், அந்த மணலுக்குள் என்னதான் இருக்கிறது என்று தேடப் போனேன். அங்கே அவர் நின்றார்.

1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. தாய் ஆங்கிலப் பெண். பொன்னம்பலம் இராமநாதனுக்கு மாமன் மகன். (இராமநாதன் பெயரைச் சொன்னால் எங்கள் ஊர்களில் 1915 பற்றிய பேச்சு எழும், அது வேறு கதை.) இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டனில் புவிச்சரிதவியல் கற்று, 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளரானார்.

1904இல் சப்பிரகமுவப் பக்கத்து இரத்தினக்கல் சரளையில் கிடைத்த கனமான கறுப்புக் கற்களை யுரேனியக் கனியம் என்று அவர் கருதினார். லண்டனில் டன்ஸ்டன் சோதித்தபோது பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது. தோரியனைற் என்ற புதிய கனியம் அது. அடுத்த ஆண்டே ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒட்டோ ஹான் இதே இலங்கைக் கல்லிலிருந்து ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்ற அதே ஹான்தான்.

அந்தக் கல்லில் தோரியமும் யுரேனியமும் ஒன்றாகவே கிடக்கின்றன. கடலிலோ இரண்டும் பிரிந்துவிடுகின்றன. யுரேனியம் கரைந்தே இருக்கும், லீற்றருக்கு ஏறக்குறைய 3 மைக்ரோகிராம். தோரியம் மிதக்கும் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். அருமண் உலோகங்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆறு கொண்டுவரும் கரைசலில் பெரும்பங்கு, நன்னீர் உப்புநீரைத் தொடும் கழிமுகத்திலேயே திரண்டு படிகிறது. எஞ்சுவது லீற்றருக்குச் சில நனோகிராம்கள். அதுவும் மேல்நீரில் குறைவு, ஆழத்தில் கூட. சீரியம் மட்டும் தன் கூட்டத்தை விட்டு விலகும். ஒட்சியேற்றமடைந்து மற்றவற்றுக்கு முந்தித் துகளோடு போய்விடும். ஆழ்நீரில் அதன் பங்கு குறைந்திருப்பது அதனால்தான்.

மொனசைற் போன்ற மணிகள் கரைவதே இல்லை. அலை இலேசான மணலை அள்ளிச் செல்ல, கனமானவை கறுப்புப் பட்டைகளாகக் கரையில் தங்கும். புல்மோட்டையின் இல்மனைற், சேர்க்கோன், சிறிதளவு மொனசைற் எல்லாம் அப்படிச் சேர்ந்தவையே. ஆகவே கடல்நீரில் அருமண் தேடுவது வீண்வேலை. கம்பனிகளின் கண் கரையில் விழுவதற்குக் காரணம் இதுதான். அந்தக் கரையில்தான் எங்கள் ஆட்கள் தோணி ஏற்றுகிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள்.

குமாரசுவாமி 1906இல் அந்தப் பதவியை விட்டார். கல் தேடி நடந்த கிராமங்களில் அவர் கண்டது நலிந்துகொண்டிருந்த கைவினைஞர்களை. 1908இல் வந்த அவரது பெரிய நூல் கனியங்களைப் பற்றியதல்ல, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றியது. எனக்கு அது இழப்பாகப் படவில்லை. பூமியைப் படித்த அதே கண்தான் மனிதர்களையும் பார்த்தது. 1917இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றவர், 1947 செப்டெம்பரில் அமெரிக்காவிலேயே காலமானார்.

இரண்டு வருடம் கழித்து இங்கினியாகலையில் அணை வேலை தொடங்கியது. மூத்தவர்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் கல்லோயா, மலைமணலை அதற்குப் பிறகு குளத்திலேயே இறக்கிவிட்டு வருகிறது. இன்று கரையில் தோண்டும் குழியை நிரப்ப முன்போல் மணல் வராது.