கண்ணும் கையும் கற்ற கல்வி

அறிவியல் வரலாற்றில் பெருங்கருத்துகள் நிலைத்த புகழ் பெறுகின்றன. அவற்றுக்குச் சான்று திரட்டிய கைப்பயிற்சியோ பெரும்பாலும் மறக்கப்படுகிறது. உயிரினங்களின் தோற்றம் குறித்த உலகின் பார்வையையே மாற்றியவர் சார்லஸ் டார்வின். அவர் தம் மாணவப் பருவத்தில் எவற்றைக் கற்றார், எவற்றைக் கல்லாமல் விட்டார், அதனால் எவற்றை இழந்தார் என்பதை அறிவது, ஆய்வகத்திலும் களத்திலும் கால்வைக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் பயன்தரும்.

மருத்துவம் பயிலச் சென்றவர்

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற மருத்துவர். மகனும் தம் தொழிலையே மேற்கொள்ள வேண்டும் என்று விரும்பிய அவர், 1825இல் அவரை எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கு நிகழ்ந்த விரிவுரைகள் பதினாறு வயது இளைஞரைக் கவரவில்லை. மயக்க மருந்து பயன்பாட்டுக்கு வராத காலம் அது. குழந்தை ஒன்றுக்குச் செய்யப்பட்ட அறுவையைக் காணப் பொறாமல் டார்வின் பாதியிலேயே வெளியேறினார். உடற்கூறாய்வுக் கூடத்தையும் வெறுத்தார். அந்த வெறுப்பு பிற்காலத்தில் தமக்குப் பெருங்குறையாக வந்து நிற்கும் என்பதை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை.

ஆயினும், எடின்பரோ வாழ்க்கை வீணாகவில்லை. தென்னமெரிக்காவின் கயானாவில் அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்பவர் அந்நகரில் குடியேறியிருந்தார். இறந்த பறவைகளின் தோலை உரித்து, கெடாமல் பதப்படுத்தி, உள்ளே பஞ்சு முதலியவற்றை அடைத்து உயிருள்ளவை போல் நிறுத்தும் கலையில் அவர் வல்லவர். டார்வின் அவரிடம் கட்டணம் செலுத்தி அக்கலையைக் கற்றார். பட்டம் தரும் பாடத்தில் இடம்பெறாத அந்தப் பயிற்சியே பின்னாளில் கடல் கடந்து செல்லும்போது கைகொடுத்தது.

கடற்கரையே ஆய்வகம்

விலங்கியல் அறிஞர் இராபர்ட் கிராண்ட் அக்காலத்தில் கடல்வாழ் உயிரினங்களை ஆராய்ந்துவந்தார். டார்வின் அவருடன் கடற்கரைக்குச் சென்று, அலை வடிந்த பாறைக் குழிகளில் உயிரினங்களைச் சேகரித்தார். சிப்பி எடுக்கச் செல்லும் மீனவர்களுடன் படகிலும் சென்றார். அவரிடம் இருந்த நுண்ணோக்கி மிக எளியது. அதைக் கொண்டே, ஃபிளஸ்ட்ரா என்னும் கடலுயிரியின் முட்டைகள் எனக் கருதப்பட்டவை குறுஇழைகளால் நீந்துவதைக் கண்டார். அவை முட்டைகள் அல்ல, இளவுயிரிகள் எனத் தெளிந்தார். 1827ஆம் ஆண்டு மார்ச் மாதம், மாணவர்களின் பிளினியன் சங்கத்தில் இதனை எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 18. கருவியின் எளிமை கண்ணின் கூர்மையைத் தடுக்கவில்லை.

ஆசிரியரின் பெருந்தன்மை

மருத்துவத்தில் மகனுக்கு நாட்டமில்லை என்பதை உணர்ந்த தந்தையார், அவரைச் சமயப் பணிக்கு ஆயத்தப்படுத்த எண்ணினார். 1828இன் தொடக்கத்தில் டார்வின் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். இயற்கை அறிவியலுக்கெனத் தனித்த பட்டத் தேர்வு அங்கு அந்நாளில் இல்லை. விருப்பத்தின் பேரிலேயே அவர் வண்டுகளைச் சேகரிக்கத் தொடங்கினார். ஒருமுறை மரப்பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டைக் கண்டு, கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக வேறொரு வண்டு தென்பட்டது. அதனையும் இழக்க மனமின்றி, வலக்கையில் இருந்ததை வாயில் இட்டுக்கொண்டார். அது உமிழ்ந்த காரநீர் நாவைச் சுட்டது. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டார், மூன்றாவதும் தப்பிவிட்டது.

இத்தகைய ஆர்வத்துக்கு ஒழுங்கு கற்பித்தவர் தாவரவியல் பேராசிரியர் ஜான் ஹென்சுலோ. அவர் மாணவர்களைக் கால்நடையாகவும் வண்டியிலும் படகிலும் வெளியிடங்களுக்கு அழைத்துச்சென்றார். வழியில் கண்ட செடிகளையும் விலங்குகளையும் அங்கேயே நின்று விளக்கினார். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டும்போது, ஒரே இனத்தைச் சேர்ந்த பல செடிகளை அருகருகே வைத்து அவற்றின் வேறுபாடுகளை நோக்குவது அவர் வழக்கம். எந்நேரமும் ஆசிரியருடன் நடந்த டார்வினை, ஹென்சுலோவுடன் நடப்பவர் என்றே பிறர் குறிப்பிட்டனர்.

ஒருநாள், ஈரப்பரப்பில் இருந்த மகரந்தத் தூள்களிலிருந்து நுண்ணிய குழல்கள் வெளிவருவதை டார்வின் கண்டார். புதிய உண்மை ஒன்றைக் கண்டுவிட்டதாக எண்ணி ஆசிரியரிடம் ஓடினார். ஹென்சுலோ நகைக்கவில்லை. அந்நிகழ்வின் சிறப்பை ஒப்புக்கொண்டு, அதன் பொருளையும் விளக்கினார். அது முன்பே அறியப்பட்ட ஒன்று என்பதையும் மனம் நோகாதபடி உணர்த்தினார். மாணவர் நாணமின்றி, தாமே கண்டறிந்த மகிழ்ச்சியுடன் திரும்பினார். இனிக் கண்டதை உடனே அறிவிக்க விரைவதில்லை என்னும் உறுதியையும் உடன்கொண்டு சென்றார்.

மலையில் பெற்ற பயிற்சி

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிலவியல் பேராசிரியர் ஆடம் செட்ஜ்விக்குடன் வடவேல்சுக்குச் செல்லும் வாய்ப்பு டார்வினுக்குக் கிட்டியது. புறப்படும் முன், வெப்பமண்டலச் சங்கு ஒன்று ஷ்ரூஸ்பரிக்கு அருகிலுள்ள சரளைக் குழியில் கிடைத்தது என்னும் செய்தியை வியப்புடன் கூறினார். யாரோ எறிந்ததாக இருக்கும் என்றே பேராசிரியர் கருதினார். தனித்த செய்தி ஒன்று அறிவியலாகாது. பல செய்திகளைத் தொகுத்து, அவற்றிலிருந்து பொதுவிதி காண்பதே அறிவியல் என்பதை டார்வின் அன்று உணர்ந்தார். மலைப்பகுதியில் செட்ஜ்விக் ஒரு வழியிலும் டார்வின் அதற்கு இணையான மற்றொரு வழியிலும் சென்றனர். பாறைத் துண்டுகளைச் சேகரித்து, அடுக்குகளின் சாய்வை நிலப்படத்தில் குறிப்பது மாணவரின் பணி.

அப்பயணத்தில் இட்வால் பள்ளத்தாக்கில் இருவரும் புதைபடிவங்களைத் தேடிப் பாறைகளைப் பல மணிநேரம் ஆராய்ந்தனர். பனியாறு உரசிய கீறல்களும் அது விட்டுச்சென்ற பெரும்பாறைகளும் அவர்களைச் சூழ்ந்தே கிடந்தன. ஆயினும் இருவர் கண்ணுக்கும் அவற்றின் பொருள் புலப்படவில்லை. பனியாறுகள் பற்றிய கருத்து பரவிய பின்னர், 1842இல் மீண்டும் வேல்சுக்குச் சென்றபோதே டார்வின் அவற்றை உணர்ந்தார். எதைத் தேடுகிறோமோ அதையே கண் காண்கிறது என்பதற்கு இது சான்று.

பெயர்ச்சீட்டு இல்லாத பறவைகள்

வேல்சிலிருந்து வீடு திரும்பியவருக்கு ஹென்சுலோவின் மடல் காத்திருந்தது. அவர் பரிந்துரையால் பீகிள் கப்பலில் இடம் கிடைத்தது. 1831 டிசம்பர் 27இல் தொடங்கிய பயணம் 1836 அக்டோபரில் நிறைவுற்றது. பறவைத்தோல் பதப்படுத்தவும், பாறைகளைப் படிக்கவும், செடிகளை உலர்த்தவும் கற்றிருந்த கைகள் ஓயாது உழைத்தன. சேகரித்தவை பெட்டி பெட்டியாக ஹென்சுலோவுக்குச் சென்றன.

எனினும், 1835இல் கலாபகஸ் தீவுகளில் ஒரு பிழை நேர்ந்தது. அருகருகே உள்ள தீவுகளில் வெவ்வேறு வகை உயிரினங்கள் வாழும் என்று எண்ணாத டார்வின், தாம் பிடித்த ஃபின்ச் குருவிகள் பெரும்பாலானவற்றுக்கு எந்தத் தீவைச் சேர்ந்தவை என்று குறிக்கவில்லை. 1837இல் பறவையியல் அறிஞர் ஜான் கூல்டு அவற்றின் சிறப்பை எடுத்துக்காட்டியபோது, கப்பல் தலைவரும் பிறரும் குறிப்புடன் வைத்திருந்த பறவைகளைத் தேடிச்செல்ல வேண்டியதாயிற்று. சிறு சீட்டில் எழுதும் ஓர் ஊர்ப்பெயர், அரிய பொருளையும் சான்றாக்குகிறது. அஃதின்றேல் அது வெறும் காட்சிப்பொருளே.

உடற்கூறாய்வையும் ஓவியத்தையும் இளமையில் பயிலாமையால், பயணத்தில் எழுதிய விலங்கியல் குறிப்புகளுள் பெரும்பகுதி பயனற்றுப் போனதை டார்வின் இறுதிவரை எண்ணி வருந்தினார். வருந்தியதோடு நின்றுவிடவில்லை. 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகள், பாறைகளிலும் கப்பல்களிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிர்களை நுண்ணோக்கியின் கீழ் அறுத்து ஆராய்ந்தார். மாணவப் பருவத்தில் கைவிட்ட பாடத்தை நடுவயதில் முயன்று கற்றார். 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலின் பின்னே இத்தனை ஆண்டுக் கைப்பழக்கம் இருந்தது.

1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் டார்வின் மறைந்தார். ஆய்வகத்தில் நாம் எழுதும் நாளும், இடமும், அளவும் எளியவையாகத் தோன்றலாம். பெரும் அறிஞரும் அவற்றில் ஒன்றை விட்டபோது இடர்ப்பட்டார் என்பதையும், தம் குறையை உணர்ந்து மீண்டும் மாணவரானார் என்பதையும் அவர் வாழ்க்கை காட்டுகிறது.