ஜார்ஜ் பிரீத்

ஜார்ஜ் பிரீத் (நவம்பர் 8, 1883 - ஏப்ரல் 7, 1919) ஹொனலுலுவில் பிறந்த அலைச்சறுக்கு வீரரும் கடற்கரை உயிர்காப்பாளரும் ஆவார். 1907 இல் கலிபோர்னியாவுக்குச் சென்று வெனிஸ், ரெடாண்டோ கடற்கரைகளில் அலைச்சறுக்கு நிகழ்த்திக் காட்டினார். எழுத்தாளர் ஜாக் லண்டன் தமது பயணநூலில் இவரைப் பற்றி எழுதியுள்ளார். எனினும் பிரீத்தின் முதன்மையான பணி உயிர்காப்பே எனலாம்.

உயிர்காப்புப் பணி

அக்காலத்தில் மூழ்குவோரை மீட்கப் படகையும் கயிற்றையுமே பெரிதும் நம்பியிருந்தனர். படகை அலைகளுக்குள் இறக்குவதற்குள் காலம் கடந்துவிடும். கடல் நீரோட்டத்தை அறிந்து நேரே நீந்திச் சென்று மீட்கும் முறையைப் பிரீத் வெனிஸின் தன்னார்வ உயிர்காப்புப் படையினருக்குப் பயிற்றுவித்தார். 1908 டிசம்பர் 16 அன்று வீசிய புயலில் ஜப்பானிய மீனவர்களின் படகுகள் சிக்கின. பிரீத் குளிர்நீரில் மும்முறை இறங்கி ஏழு பேரைக் காப்பாற்றினார். இதற்காக 1910 இல் ஐக்கிய அமெரிக்காவின் தங்க உயிர்காப்புப் பதக்கம் பெற்றார்.

ஊதியம் பெற்ற உயிர்காப்பாளர் என்பதால் தொழில்முறை வீரராகக் கருதப்பட்டு, ஒலிம்பிக்கில் பங்குபெறும் தகுதியை இழந்தார். இவரிடம் பயிற்சி பெற்ற லூடி லாங்கர் 1920 ஒலிம்பிக் நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதைக் காணப் பிரீத் உயிரோடில்லை.

இறப்பு

1918 மே மாதம் சான் டியேகோவின் ஓசன் பீச்சில் ஒரே நாளில் 13 பேர் மூழ்கி இறந்ததை அடுத்து, பிரீத் அங்கு உயிர்காப்பாளராக அமர்த்தப்பட்டார். மறு ஆண்டு, உலகெங்கும் பரவியிருந்த இன்ஃபுளுவென்சாவால் தமது 35 ஆவது அகவையில் காலமானார். ரெடாண்டோவில் நிறுவப்பட்ட இவரது மார்பளவுச் சிலை 2008 இல் திருடப்பட்டது. பின்னர் புதிய சிலை வைக்கப்பட்டது.