முப்புரிக் கயிற்றைக் கண்ட மேதை

புதுக்கோட்டைச் சந்தையில் நாம் காணும் முப்புரிக் கயிறு போன்ற ஒன்று நம் உடலிலும் உண்டு. கொல்லாஜன் என்னும் புரதமே அது. அதன் அமைப்பை உலகுக்கு உணர்த்தியவர் அறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்.

இவர் 1922-ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் பிறந்தார். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்றார். 1952-ல், தம் முப்பதாம் வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கொல்லாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என 1954-ல் அறிவித்தார்.

இக்கயிற்றின் பயன் யாது? உயிரணுவுக்குள் ஆக்டின் இழைகள் எலும்புச் சட்டம்போல் நின்று வடிவம் தருகின்றன. டாலின் என்னும் புரதம் அவற்றை, மேலுறையை ஊடுருவி நிற்கும் இன்டெக்ரினோடு பிணைக்கிறது. இன்டெக்ரினோ வெளியே உள்ள கொல்லாஜனைப் பற்றிக்கொள்கிறது. இன்டெக்ரின் என்ற பெயரே 1986-ல்தான் வந்தது. அது பற்றும் கயிற்றை நம் அறிஞர் முன்பே கண்டுவிட்டார்!

ஆயினும் 1955-ல் கிரிக், ரிச் என்னும் அறிஞர்கள், அவர் காட்டிய அமைப்பில் அணுக்கள் அளவுமீறி நெருங்கியுள்ளன எனக் குறை கூறினர். அவர் மனம் சோர்ந்தாரில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று ஆராயத் தொடங்கினார். அதன் கனியே, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் வெளியிட்ட இராமச்சந்திரன் வரைபடம். முப்புரி அமைப்பும் நிலைத்தது. வரைபடமோ இன்றும் உலகெங்கும் புரத ஆய்வின் உரைகல்லாக விளங்குகிறது.

2001-ல் அவர் சென்னையில் மறைந்தார். நம் விடையில் பிறர் குறை காட்டும்போது முகம் வாடாமல், கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்போமாக!